யாருடைய வருடங்கள் 'சேவை' ஆகின்றன?

அமெரிக்காவில் பட்டம் முடித்த பிறகே மருத்துவக் கல்லூரியில் சேர முடியும். மதிப்பெண்ணோடு தொண்டு அனுபவத்தையும் கேட்கிறார்கள். அதனால் ஓரிரு ஆண்டுகள் ஏழை நாடு ஒன்றுக்குப் போய்ச் சேவை செய்துவிட்டு வருவது அங்கே ஒரு வழியாகிவிட்டது. ஸ்ரீரங்கத்து வீடுகளில் அமெரிக்கப் பேரப்பிள்ளைகளைப் பற்றி இதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். "நம்ம ஊர்ப் பசங்களுக்கு இந்த மனசு வருமா?" என்ற குத்தலும் கூடவே வரும்.

மனசு இருக்கட்டும். அந்த வருடங்களுக்குச் சோறு போட்டது யார்?

ஸ்ரீரங்கத்தில் 'பெருமாள் சேவை ஆச்சா?' என்றால் தரிசனம் கிடைத்ததா என்று பொருள். பார்த்தவருக்கே புண்ணியம். இந்தத் தொண்டுப் பயணங்களில் பலவும் அந்த வகைச் சேவைதான். வறுமையைத் தரிசித்தவருக்குக் கல்லூரி இடம். தரிசனம் கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை. பயிற்சியில்லாத மாணவர்கள் வெளிநாட்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை தரக்கூடாது என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது.

என் சித்தி பதினொரு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். ரத்தமும் சீழும் துடைத்தவர், பிணம் தள்ளியவர். அதற்குப் பெயர் சேவையல்ல, கூலி. அவர் மகள் அந்த வார்டிலேயே வளர்ந்தாள். எந்த விண்ணப்பத்திலும் அதை எழுத இடமில்லை. மேலே இருந்து இறங்கி வந்தால் தொண்டு. கீழேயே பிறந்து செய்தால் விதி. இந்தக் கணக்கைப் போட்டது சாதி.

ஐடா ஸ்கடரை உதாரணம் காட்டுவார்கள். 1890இல் மருத்துவம் படிக்காமலே திண்டிவனம் வந்தவர். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததை அவரே சொல்லியிருக்கிறார். மருத்துவரான அவர் தந்தை அந்த வீட்டிலேயே இருந்தார். ஐடா அந்த அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுதிவிட்டு நகரவில்லை. படித்துத் திரும்பி, 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். இந்த மண்ணின் பெண்களே மருத்துவராவதுதான் தீர்வு என்று புரிந்துகொண்டவர் அவர்.

அந்தக் கதவைத்தான் நீட் சாத்துகிறது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு அறிக்கையைப் படியுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் பழைய மாணவர்கள் 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. அதாவது, பள்ளி முடித்து வருடக்கணக்கில் பயிற்சி மையத்தில் உட்கார முடிந்தவர்களுக்கே இடம். அமெரிக்காவில் அந்த வருடத்தின் பெயர் தொண்டு, இங்கே கோச்சிங். இரண்டும் அப்பன் காசில் வாங்கிய காலம்தான்.

அரியலூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தவர். தந்தை திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். "இன்னொரு வருடம் எழுதியிருக்கலாமே" என்று இன்றும் சொல்கிறவர்கள், அந்த வருடத்தின் விலையைச் சொல்வதில்லை.

நீட் ஒழியவேண்டும். சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றியும் விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை, போராட்டம் தொடரும். அதுவரை, மாநில அரசு தன் கையில் இருப்பதைச் செய்யட்டும்: மருத்துவ இடம் பெற்றவர்கள் எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்பதை, சாதி வாரியாக, குடும்ப வருமான வாரியாக, ஆண்டுதோறும் வெளியிடட்டும். தகுதி தகுதி என்கிறார்களே, அதற்கு எத்தனை வருடச் சோறு செலவானது என்று ஊருக்குத் தெரியட்டும்.