கயிறு பிடிப்பவரின் கடமை

முத்துக்குளிப்புக்கும் சங்கு குளிப்புக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது மன்னார் வளைகுடா. கல்லின் கனத்தால் கடலடிக்கு இறங்கி, மூச்சையடக்கிச் சிப்பி திரட்டிய குளியாளுக்கு, தோணியில் நின்று கயிறு பிடித்தவரே உயிர்த்துணை. அப்பணியை மைத்துனரிடமே ஒப்படைப்பர் என்று கடற்கரை ஊர்களில் சொல்வதுண்டு. உடன்பிறந்தவளின் தாலி அவன் கையிலல்லவா இருக்கிறது!

இன்று கல்லும் கயிறும் மறைந்து வருகின்றன. முதுகில் காற்று உருளையைச் சுமந்தோ, படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்வியோ நெடுநேரம் நீருக்கடியில் இருக்க முடிகிறது. ஆனால், ஒரே மூச்சில் போய் வந்தவரை அரிதாகவே அணுகிய ஓர் ஆபத்து, இவர்களை நிழல்போல் தொடர்கின்றது. மருத்துவர்கள் அதனை அழுத்தக் குறைவு நோய் என்பர்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் இருப்பவர், கரையில் உள்ளதைப் போல் நான்கு மடங்கு அழுத்தத்தில் மூச்சு விடுகிறார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு உள்ள நைட்ரஜன் அவருடைய இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. மெல்ல மேலே வந்தால் அது மூச்சின் வழியே வெளியேறிவிடும். விரைந்து எழுந்தாலோ, சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரை பொங்குவதுபோல், உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். அவை மூட்டுகளில் வலியையும், முதுகுத்தண்டில் வாதத்தையும் உண்டாக்கும்.

இந்நோய் கடலில் மூழ்குவோருக்கு மட்டும் வருவதன்று. நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்திற்கு ஆற்றடியில் அடித்தளம் இட்டபோது, அழுத்தக் காற்று நிறைந்த அறைகளில் உழைத்தோர் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872-இல் இதனால் முடங்கினார். 1908-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர், வெள்ளாடுகளைக் கொண்டு ஆராய்ந்து, இடையிடையே நின்று மேலேறும் முறையை வகுத்துத் தந்தார். நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேல் ஏறலாகாது. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடமாவது தங்குதல் நன்று என்பது இன்றைய பொது வழக்கு. ஆழமும் நேரமும் கூடக் கூட, தங்கும் நேரமும் கூடும்.

இவ்வளவு கவனித்தும் நோய் வரலாம். தோள், முழங்கை, முழங்காலில் வலி, கைகால் மரத்தல், தலைசுற்றல், மிகுந்த அசதி, சிறுநீர் பிரியாமை ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் சில மணி நேரத்திற்குள் தோன்றும். ஒரு நாள் கழித்தும் தோன்றலாம். "வேலை செய்த அலுப்பு" என்று தைலம் தேய்த்துப் படுத்துக்கொள்வதே பெருங்கேடு. மறுபடி கடலில் இறங்கினால் வலி தீரும் என்று முயல்வதோ அதனினும் கேடு.

செய்ய வேண்டுவது இதுவே. நோயாளியைப் படுக்கவைத்து, உடனே தூய ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். கம்ப்ரசர் காற்று அதற்கு ஈடாகாது. நினைவுடன் இருந்தால் தண்ணீர் பருகச் செய்யலாம். கடலில் இருப்பின் கடலோரக் காவற்படையை 1554 என்னும் எண்ணிலும், கரையில் இருப்பின் 108 ஊர்தியையும் அழைக்க வேண்டும். "குளித்து எழுந்தவர்" என்று மருத்துவரிடம் மறவாது சொல்க. உயரழுத்த ஆக்சிஜன் அறையில் வைத்துச் சிகிச்சை செய்வதே உரிய மருத்துவம். அவ்வறை எல்லா மருத்துவமனைகளிலும் இராது. ஆகவே, அருகில் எங்குள்ளது, இயங்குகிறதா, யாரை அழைப்பது என்பவற்றைப் படகு புறப்படுமுன்னரே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். குளித்த அன்றே விமானத்தில் பறப்பதும், கொடைக்கானல் போன்ற மலை ஏறுவதும் ஆகா.

இவற்றைப் பேணாவிடின் நேர்வது என்ன? நடு அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில், மிஸ்கிட்டோ இனத்துத் தொழிலாளர்கள் ஏற்றுமதிக்கான சிங்கி இறாலுக்காக ஆழ்கடலில் மூழ்கினர். போதிய பயிற்சியும் கருவியும் அளிக்காமல் அவர்களை இறக்கினர் படகு உரிமையாளர்கள். பலர் கால் விழுந்து முடமாயினர், சிலர் மாண்டனர். தொழில் நிலைமைகளைக் கண்காணிக்கத் தவறிய அரசே பொறுப்பு என்று 2021-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, விழுந்த கால்கள் எழுந்தனவா?

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டில் கடலில் மூழ்குபவர் இருப்பின், இன்றே கேளுங்கள்: படகில் ஆக்சிஜன் உண்டா? அதைக் கொடுக்கத் தெரிந்தவர் உடன் செல்கிறாரா? படகுக்காரரே, ஓர் உருளையின் விலை பெரிதா, ஒரு குடும்பத்தின் வாழ்வு பெரிதா? கயிறு மறைந்தாலும், அதைப் பிடித்தவரின் கடமை உங்களிடமே இருக்கிறது.