பனிவீட்டுப் படமும் நார்த்தங்காய்க் கசப்பும்

நவம்பர், டிசம்பர் வந்துவிட்டால் அமெரிக்கக் கடைகளின் பீர் அலமாரிக்குப் பண்டிகைக் களை வந்துவிடும். லேபிளில் பனி, கலைமான், சாண்டா தாத்தா. பல பாட்டில்களைத் திறந்தால் லவங்கப்பட்டை, ஜாதிக்காய், இஞ்சி வாசனை... பீர் வாங்கினோமா, பிரியாணி மசாலா வாங்கினோமா என்று வாங்கியவருக்கே சந்தேகம் வரும்.

இந்தக் கூட்டத்தின் நடுவே சிவப்பு லேபிளோடு ஒரு பாட்டில் நிற்கும். பனி மூடிய சின்ன மரவீடு படம். கலிபோர்னியாவின் சீக்கோ ஊரைச் சேர்ந்த சியரா நெவாடா நிறுவனத்தின் 'செலிப்ரேஷன்' அது. படத்தைப் பார்த்துப் பட்டையும் கிராம்பும் எதிர்பார்த்து வாங்கியவர் முதல் வாயிலேயே முகத்தைச் சுளிப்பார். உள்ளே மசாலா ஒரு துளி கிடையாது. கசப்புதான்!

"குளிர்கால பீர் என்று போட்டுவிட்டு இப்படி ஏமாற்றலாமா?" என்று அவர் கேட்பது நியாயம்போலத்தான் தெரியும். உண்மை நேர் எதிர். அந்த அலமாரியில் 'பருவகால பீர்' என்ற பெயருக்கு முதல் மரியாதை இந்தக் கசப்புக்குத்தான் தரவேண்டும்.

காரணம் ஹாப்ஸ். கொடியில் பூக்கும் பச்சைப் பூ அது. பார்க்கக் குட்டி பைன் கூம்பு மாதிரி இருக்கும். இதழ்களுக்கு நடுவில் மஞ்சள் தூள் இருக்கும். பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது அந்தத் தூள்தான். ஆரம்பத்திலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியோடு போய்விடும். கடைசியில் போட்டால் வாசனை தங்கும். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி கிள்ளிப் போடுவதில்லையா, அதே கணக்குத்தான்.

அமெரிக்காவில் ஹாப்ஸ் அதிகம் விளையும் இடம் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கு. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முழுக்க அறுவடை. வருடத்துக்கு ஒரே ஒரு முறை. பறித்த பூவை உடனே உலர்த்தி, பெரும்பகுதியைத் தூளாக்கிக் குச்சிபோல அழுத்திக் குளிர்கிடங்கில் வைத்துவிடுவார்கள். வருடம் முழுக்க உலகமெங்கும் பீர் காய்ச்சுவது அந்தச் சரக்கில்தான். அதில் தவறில்லை, ஆனால் மாதம் ஏற ஏற வாசனை எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

செலிப்ரேஷனுக்குப் போவது புது வருட அறுவடையில் முதலில் வருகிற ஹாப்ஸ். உலர்த்திய சில நாட்களுக்குள், முழுப் பூவாகவே காய்ச்சும் இடத்துக்கு வந்துவிடும். கேஸ்கேட், சென்டெனியல், சினூக் என்று மூன்று ரகம். செப்டம்பரில் பூ வந்தால்தான் வேலையே தொடங்கும். காய்ச்சி, நொதித்து, பாட்டிலில் அடைத்துக் கடைக்கு வரும்போது குளிர் தொடங்கியிருக்கும். ஆக, இதைக் குளிர்கால பீர் ஆக்கியது விளம்பரப் பிரிவு அல்ல, ஒரு கொடி!

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு. கென் கிராஸ்மன் 1976-ல் சீக்கோவில் வீட்டு பீருக்கான சாமான்கள் விற்கும் கடை வைத்தவர். 1979-ல் பால் கமுசியோடு சேர்ந்து, பழைய பால் பண்ணைத் தொட்டிகளை வாங்கிப் பற்றவைத்து சியரா நெவாடாவைத் தொடங்கினார். அப்போது அமெரிக்கா முழுவதும் பீர் நிறுவனங்கள் 100-க்கும் குறைவு. இன்று 9,000-க்கும் மேல். 1980-ல் முதல் பீர், 1981-ல் செலிப்ரேஷன். பெரிய நிறுவனங்களின் பீர் வெளிறி, லேசாகி, கசப்பே தெரியாமல் போயிருந்த காலம் அது. அந்த நேரத்தில் இவ்வளவு ஹாப்ஸ் போட்டு ஒரு பண்டிகை பீர் விடுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இதற்கு முன்னோடியும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் நிறுவனம் 1975-லிருந்து கிறிஸ்துமஸ் பீர் விட்டது. ஒவ்வொரு வருடமும் செய்முறை மாறும், லேபிளில் வேறொரு மரம் இருக்கும். பின்னாளில் மசாலாப் பக்கம் போனது அந்த பீர். அந்த நிறுவனம் 2023-ல் மூடப்பட்டது. ஆங்கர் வருடாவருடம் செய்முறையை மாற்றியது. செலிப்ரேஷனில் மாறுவது அந்த வருட விளைச்சல்தான். மழையும் வெயிலும் எப்படியோ, பூவும் அப்படி.

சரி, சுவைக்கு வரலாம். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் செம்பு நிறம், வெளிர்மஞ்சள் நுரை. மூக்கருகே கொண்டுபோனால் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளிய வாசனை, பின்னாலேயே பைன் பிசின். நாக்கில் முதலில் படுவது வறுத்த மால்ட்டின் கருகிய சர்க்கரை இனிப்பு. 'அட, இனிப்புத்தானே' என்று நினைத்து முடிப்பதற்குள் கசப்பு வந்துவிடும். பாகற்காய் மாதிரி தொண்டையைப் பிடிக்கிற கசப்பு அல்ல. நார்த்தங்காய் ஊறுகாயைச் சப்பியபின் வாயில் நிற்குமே, அந்த மாதிரி. விழுங்கிய பிறகும் நிற்கும். கசப்பை அளக்கும் ஐ.பி.யு. கணக்கில் இதற்கு 65. சாதாரண லாகர் பீருக்கு 10 அளவில்தான் வரும். ஆல்கஹால் 6.8 சதவீதம். மடக் மடக்கென்று குடிக்கிற சரக்கல்ல, உட்கார்ந்து ஒன்றைக் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும்.

குளிருக்குக் கறுத்த, இனிப்பான, கனமான பீர்தான் சரி, கசப்பெல்லாம் கோடைக்கு என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்தச் செம்பு நிற மால்ட்டும் 6.8 சதவீதமும் குளிருக்குப் போதாதா என்ன? பருவம் என்றால் வெளியே விழுகிற பனி மட்டும்தானா என்பதுதான் கேள்வி. பூமியின் தென்பாதியில் ஹாப்ஸ் அறுவடை மார்ச் பக்கம் நடக்கும். இதே சியரா நெவாடா 2008-ல் நியூசிலாந்தின் புது ஹாப்ஸை விமானத்தில் வரவழைத்து வசந்தகாலத்தில் ஒரு அறுவடை பீர் விட்டது. நாட்காட்டி பார்த்துச் செய்த காரியமா அது? செடியைப் பார்த்துச் செய்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. தட்டுப்பாடு இரண்டு வகை. ஒன்று, செயற்கை: வருடம் முழுக்கச் செய்ய முடிந்ததை 'சில வாரங்கள் மட்டுமே' என்று சொல்லி விற்பது. பூசணிக்காய் பீர் இலையுதிர்காலத்துக்கு உரியது என்பார்கள். ஆகஸ்ட் வெயிலிலேயே கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கும். போட்டிக்காரன் முந்திவிடக் கூடாதே! இன்னொன்று, இயற்கை: பூ வந்தால் உண்டு, தீர்ந்தால் அடுத்த வருடம். இரண்டுக்கும் லேபிளில் ஒரே வார்த்தை என்பதுதான் வருத்தம். 'பருவகாலம்' என்ற சொல் விலைச்சீட்டாகிவிட்டால், நிஜமாகவே பருவத்துக்குக் காத்திருந்து செய்பவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிடுவார்.

இன்னொரு பாடம் சரக்கிருப்புக் கணக்கு. சிலர் இந்த பீரை இரண்டு மூன்று வருடம் பதுக்கி வைக்கிறார்கள். ஹாப்ஸ் மங்கி மிட்டாய் இனிப்பு மேலெழும். அதுவும் ஒரு சுவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் புதுப் பூவுக்காக அவசர அவசரமாகக் காய்ச்சியதை அது வாடும்வரை வைத்திருப்பானேன்? கடைக்காரர் 'முதலில் வந்தது முதலில் போகட்டும்' என்று பழைய சரக்கை முன்வரிசையில் வைப்பார். அவர் கணக்கு அவருக்குச் சரி. வாங்குபவர் பின்வரிசையில் கைவிட்டு, பாட்டிலில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

லேபிளில் புது ஹாப்ஸ் பீர் என்று எழுதித்தான் இருக்கிறது. பனிவீடு கண்ணைப் பறிப்பதால் பலர் படிப்பதில்லை. அந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹாப்ஸ் கொடியையும் பெரிதாக வரைந்திருந்தால் பட்டை, கிராம்பு தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம் மிச்சமாகியிருக்கும் :-)