புதர் மண்டிய கொல்லை



ஐந்து ஆண்டுகள் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கொல்லையைச் சென்ற ஆவணி மாதத்தில் காண நேர்ந்தது. கணவர் இறந்தபின் அவ்வீட்டு அம்மையாரை மகன் நகரத்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். அங்கே மனம் ஒட்டாமல், இருந்தால் என் வீட்டில்தான் இருப்பேன் என்று அம்மையார் திரும்பி வந்துவிட்டார். உடன் வந்த மகனுக்குப் பத்து நாள் விடுப்பு. கொல்லைக் கதவைத் திறந்தால் மார்பளவுக்குப் பார்த்தீனியம், அதற்கப்பால் உண்ணிச்செடிப் புதர், வேலியோரம் சீமைக்கருவேல். கிணறு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

"பொக்லைன் பேசிவிட்டேன், ஃபாதர். நாளைக் காலையில் வந்தால் இரண்டு மணி நேரத்தில் தரை தெரிந்துவிடும்" என்றார் மகன். தரை தெரிந்தால் மனைக்கு விலை பேசலாம் என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் தாய்க்கு அது தெரிந்திருந்தது. "எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டா, அவங்க அப்பா வச்ச எலுமிச்சை என்ன ஆகும்னு கேளுங்க, சாமி" என்றார் என்னிடம். மகனிடம் அவர் அதைக் கேட்கவில்லை.

குடும்ப விவகாரத்தில் குருவானவர் தலையிடுவது பெரும்பாலும் இரு தரப்பாருக்கும் பிடிக்காத காரியம். ஆயினும் தோட்டத்தைப் பொறுத்தவரையில் நான் பட்டறிந்த பாடம் ஒன்று உண்டு. குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு சிற்றூரில் பங்கு இல்லத்தின் பின்னாலிருந்த நிலத்தைச் சீர்செய்ய ஆவல் கொண்டு, ஒரே நாளில் மண்வெட்டியால் கொத்திப் புரட்டினேன். அது கோரை மண்டிய நிலம். கோரையின் உயிர் மேலே தெரியும் புல்லில் இல்லை. மண்ணுக்குள் சங்கிலிபோல் கோத்துக் கிடக்கும் கிழங்குகளில் இருக்கிறது. சங்கிலி அறுந்தால் கிழங்குகள் தனித்தனியே முளைவிடும். ஒரு மாதத்தில், நான் கொத்தாத இடத்தைவிடக் கொத்திய இடத்தில்தான் கோரை அடர்ந்து நின்றது. களைகளைப் பறிக்கப் பரபரத்த பணியாளர்களை உவமையில் வரும் வீட்டுத்தலைவர் ஏன் தடுத்தார் என்பது அன்று எனக்குச் சற்றே விளங்கிற்று.

ஆகவே மகனிடம், "பொக்லைனை நான்கு நாள் தள்ளிவையுங்கள், தம்பி. முதலில் கொல்லை வாசலில் ஒரு நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வையுங்கள்" என்றேன். அரை மனத்தோடு இசைந்தார்.

அம்மையார் முதலில் சொன்னது கிணற்றின் இடத்தை. துவைகல்லிலிருந்து இத்தனை அடி என்று அவர் கைகாட்டிய திசையில், ரப்பர் பூட்ஸ் அணிந்து, பாம்புக்கு அஞ்சி நீண்ட கழியால் தரையைத் தட்டிக்கொண்டே சென்றோம். ஒரு பக்கம் கைப்பிடிச்சுவர் இடிந்து, கோவைக்கொடி படர்ந்து, கிணற்றின் வாய் முழுதும் மறைந்திருந்தது. பொக்லைன் அவ்வழியேதான் உள்ளே வந்திருக்க வேண்டும். மகன் அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பார்த்தீனியத்தை அதன் பின்னரே தொட்டோம். 1950-களின் நடுவில் புனேயில் கவனத்துக்கு வந்து, பிறகு நாடெங்கும் பரவிய செடி இது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். பூத்து முற்றியவற்றை உலுக்காமல் அறுத்துச் சாக்கில் கட்ட வேண்டும்; பூக்காத இளஞ்செடிகளை மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கையில் வேரோடு பிடுங்கி எருக்குழியில் இடலாம். வெறுங்கையால் தொட்டால் தோல் அரிக்கும். சிலருக்கு மூச்சிரைப்பும் வரும். கையுறையும் மூக்கை மறைக்கும் துணியும் வேண்டும். சீமைக்கருவேலை வெட்டினால் போதாது. அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காவிடில் மீண்டும் துளிர்க்கும். அதற்கு இரண்டு ஆட்கள் இரண்டு நாள் உழைத்தார்கள்.

மூன்றாம் நாள் எலுமிச்சை அகப்பட்டது. கொடிகள் நெரித்து முக்கால் பங்கு காய்ந்திருந்தது; கிழக்கு முகத்தில் மட்டும் பச்சை. மகனே ஏறிக் காய்ந்த கிளைகளை அறுத்தார். பச்சைக் கிளை எதையும் தொட வேண்டாம் என்று கீழிருந்து தாய் கூவிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது முற்றிலும் சரி. நலிந்த மரத்துக்கு இலைதானே அடுப்பங்கரை! எலுமிச்சையின் வேர்கள் மேலாகவே ஓடுவதால் ஆழக் கொத்தாமல், தண்டைவிட்டுச் சற்று விலக்கி மக்கிய எருவை இட்டு, சருகால் மூடாக்குப் போட்டோம்.

கறிவேப்பிலை வேர்க்கன்றுகள் விட்டுச் சிறு தோப்பாகவே ஆகியிருந்தது. தாறுமாறாக வளர்ந்திருந்த மல்லிகைப் புதரையும் மகன் அன்றே வெட்டப் போனார். "கார்த்திகை வரட்டும்டா" என்று தாய் தடுத்துவிட்டார். கார்த்திகைத் தொடக்கத்தில் ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்வதே முறை. கோரை முளைத்த பகுதிக்கு என் யோசனை, சணப்பை நெருக்கமாக விதைப்பது. கோரை நிழலைப் பொறுக்காது. ஒன்றரை மாதத்தில் சணப்பு பூக்கத் தொடங்கும்போது மடக்கி மண்ணோடு சேர்த்தால் உரமும் ஆகும். ஒரு தடவையில் கோரை தீராது. சலிக்காமல் மறுபடியும் செய்ய வேண்டும்.

பத்து நாளில் பாதிக் கொல்லைதான் திருந்தியது. மீதிக்காக மகன் மாதம் ஒருமுறை வந்துபோகிறார். மனையை விற்கும் பேச்சு என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. தை மாதத்தில் எலுமிச்சை பூத்திருப்பதாக அம்மையார் சொல்லியனுப்பினார். கிணற்றுச் சுவரை மட்டும் இன்னும் கட்டவில்லை. பலகை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.