நாவல் தேன், முருங்கைத் தேன், வேப்பந்தேன்... லேபிளை நம்பலாமா? உத்திரமேரூர் ஏரிக்கரையில் இருக்கு பதில்!

இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே 'நாவல் தேன்', 'முருங்கைத் தேன்', 'வேப்பந்தேன்'னு கண்ணாடி பாட்டில்கள் வரிசைகட்டி நிற்குது. சாதாரணத் தேனைவிட விலையும் அதிகம். 'நம்ம மண்ணின் மரம், நம்ம மண்ணின் தேன்'னு படிச்சதும் ஆர்டர் பண்ணக் கை துறுதுறுக்கும். உள்ளூர் மரத்தால உள்ளூர்க்காரருக்கு வருமானம் வர்றது நல்ல விஷயம்தான். ஆனா, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி உத்திரமேரூர் பக்கம் ஒரு நடை போயிட்டு வருவோம்.

நெல்வயல்ல தேன் இல்லை!

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்துல இருக்கு உத்திரமேரூர். ஏரிப் பாசனம், எங்கே பார்த்தாலும் பச்சைப் பசேல்னு நெல். தேனீக்களுக்கு சொர்க்கம்னு நினைப்பீங்க. ஆனா, நெல் பூவில் தேன் சுரக்கிறதே இல்லை. தேனீ அங்கே போனாலும் கொஞ்சம் மகரந்தத்தோட திரும்ப வேண்டியதுதான்.

அப்போ இந்தப் பகுதித் தேனீக்கள் எதை நம்பி வாழுது? ஏரிக்கரை, வரப்பு, கோயில் தோப்பு, சாலையோரம். அங்கே நிற்கிற மரங்களும், யாரும் விதைக்காம முளைக்கிற செடிகளும்தான் அதோட சாப்பாடு. பங்குனி, சித்திரையில வேம்பும் நாவலும் பூக்கும். அதை ஒட்டியே புங்கம். வைகாசி, ஆனியில புளி. மழைக்காலத்தை ஒட்டி இலந்தை. நடுநடுவே முருங்கை, எள், தும்பை. சின்ன வயசுல தும்பைப்பூவைப் பறிச்சு உறிஞ்சிப் பார்த்திருக்கீங்களா? அந்தத் துளி இனிப்புதான் தேனீக்கான கூலி.

ஒரே பூவின் தேன்... சாத்தியமா?

ஒரு தேனுக்கு ஒரு செடியின் பெயரை வைக்கணும்னா, அதுல இருக்கிற மகரந்தத்துல குறைந்தது 45 சதவிகிதம் அந்தச் செடியோடதா இருக்கணும். இதுதான் பொதுவா பின்பற்றப்படும் கணக்கு. நம்ம ஊர் அடுக்குத் தேனீ, கூட்டிலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ள இரை தேடும். அந்த வட்டத்துக்குள்ள ஒரே மரம் கூட்டமா நின்னு, ஒரே சமயத்துல பூத்தாத்தான் கணக்கு ஒத்துவரும்.

பீகாரின் முசாபர்பூர்ல லிச்சித் தேன் கிடைக்குதுன்னா, அங்கே லிச்சித் தோப்புகள் பரந்து கிடக்கு. நம்ம மார்த்தாண்டத்தையே எடுத்துக்கோங்க. 1920-கள்லயே கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த ஊர் அது. இன்னிக்கு அங்கே முக்கியமான வரத்து ரப்பர் தேன். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்புல இருக்கிற சுரப்பிகள்ல வடியுற இனிப்புதான் அந்தத் தேன். ஆமா, அது பூவிலிருந்தே வர்றதில்லை! ஏக்கர் கணக்குல ஒரே மரம் நிற்கிறதால அங்கே அது நடக்குது.

உத்திரமேரூர்ல நாவல் அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் நிற்குது. அது பூக்கும்போது பக்கத்துல வேம்பும் பூத்திருக்கும். இந்த மாதிரி ஊர்ல எடுத்த தேனுக்கு 'சுத்தமான நாவல் தேன்'னு பேர் வச்சா, சந்தேகப்படுறதுல தப்பே இல்லை.

அதுக்காக இந்தத் தேன் மட்டம்னு அர்த்தமில்லை. பல பூக்கள் கலந்து வர்றதுதான் இந்த மண்ணோட ருசி. ஊர் பேரையும் எடுத்த மாசத்தையும் போட்டு, 'உத்திரமேரூர் ஏரிக்கரைத் தேன், சித்திரை'ன்னு வித்தா, அது உண்மையாவும் இருக்கும், தனித்துவமாவும் இருக்கும்.

மீதி மாசம் பட்டினியா?

ஒரே செடியை மட்டும் தூக்கிப் பிடிக்கிறதுல இன்னொரு சிக்கல் இருக்கு. ஒரு மரம் பூக்கிறது சில வாரம்தான். தேனீக்கு வருஷம் முழுக்கப் பசிக்கும். பூ இல்லாத மாசங்கள்ல வளர்ப்பவர்கள் சர்க்கரைப் பாகு வைப்பாங்க. கூட்டம் பிழைக்க அது தேவைதான். ஆனா, அந்தப் பாகு அடையில சேர்ந்து, தேனோட தேனா பாட்டிலுக்குள்ள வந்துட்டா? 2020 டிசம்பர்ல டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் 22 மாதிரிகளைச் சோதிச்சது. எல்லாச் சோதனையிலும் தேறினது 5 மட்டும்தான். அது ஆலையில செய்யுற பாகைக் கலக்கிற பெரிய மோசடி. தேனுக்கு கிராக்கி கூடி, பூ குறைஞ்சா, கலப்படத்துக்கான ஆசை எல்லா மட்டத்துலயும் கூடும்.

இங்கேதான் சீமைக் கருவேலமும் வருது. நிலத்தடி நீருக்கும் மேய்ச்சலுக்கும் எதிரின்னு நீதிமன்ற உத்தரவு, அரசுக் கொள்கை எல்லாம் வந்து ஏரிகள்ல அதை அகற்றிக்கிட்டு இருக்காங்க. அகற்ற வேண்டியதுதான். ஆனா, ஒரு சங்கடமான உண்மை: அதோட பூ தேனீக்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அதன் நெருங்கிய சொந்தமான மரத்திலிருந்துதான் ஹவாய் தீவின் விலை உயர்ந்த வெள்ளைத் தேன் வருது. கருவேலத்தை எடுத்துட்டுக் கரையை மொட்டையா விட்டா, தேனீக்கு இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையையும் மூடின மாதிரி. எடுத்த இடத்துல புங்கம், நாவல், இலந்தை, புளி நட்டாத்தான் கணக்கு சரியாகும்.

இலந்தையைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஏமன் நாட்டின் புகழ்பெற்ற 'சித்ர்' தேன் இலந்தைக் குடும்பத்து மரத்தோடதுதான்.

மருந்துன்னு நம்பி ஏமாறாதீங்க!

'நாவல் தேன் சாப்பிட்டா சுகர் குறையும்'னு ரீல்ஸ் வருதா? ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுங்க. எந்தப் பூவின் தேனா இருந்தாலும் அதுல சுமார் 80 சதவிகிதம் சர்க்கரைதான். நாவல் கொட்டையின் குணம் பூந்தேன்ல வந்துடாது. தண்ணில விட்டுப் பார்க்கிறது, தீக்குச்சியில கொளுத்துறது எல்லாம் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்காது. தேன் உறைஞ்சா போலின்னும் அர்த்தமில்லை. ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனும் வேண்டாம்.

நீங்க என்ன செய்யலாம்?

வாங்கும்போது மூணே கேள்வி கேளுங்க. எந்த ஊர்? எந்த மாசம் எடுத்தது? யார் எடுத்தது? மூணாவது கேள்வி ரொம்ப முக்கியம். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் தேன் எடுக்கிறதுல கைதேர்ந்தவங்க இருளர் மக்கள். எந்த மரம் எப்போ பூக்கும், கூட்டுல எவ்வளவு எடுத்து எவ்வளவு விடணும்ங்கிற கணக்கு அவங்களுக்கு அத்துப்படி. பாட்டில்ல விலை மட்டும் ஏறி, மரம் ஏறினவங்க கூலி ஏறலைன்னா, அது என்ன 'நம்ம மண்ணின் தேன்'?

கடைசியா ஒண்ணு. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பற்றிப் பாடத்துல படிச்சிருப்பீங்க. குடவோலையில ஆள் தேர்ந்தெடுத்த அந்த ஊர்ல, ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் இருந்தாங்க. ஏரியையும் தோட்டத்தையும் கவனிக்கிறது ஊர்ப் பொறுப்பா இருந்திருக்கு. ஆனா, நிலமும் வீடும் வேதக் கல்வியும் இருந்தவங்களுக்குத்தான் அன்னிக்கு இடம்.

இன்னிக்கு அப்படியில்லை. தமிழ்நாட்டுல கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா, இருளர் பெண்ணும் பேசலாம், நீங்களும் பேசலாம். சொந்த ஊருக்குப் போற அடுத்த கிராம சபை நாள்ல, 'ஏரிக்கரையில எந்த மரம் நடப் போறீங்க?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. வருஷம் முழுக்க மாறி மாறிப் பூக்கிற மரங்கள் கரையில நின்னா, தேனுக்கு விளம்பரம் தானா வரும்.