தேர்வு செய்பவரிடமே புகாரா? சிறார் கால்பந்தில் குழந்தைப் பாதுகாப்பு குறித்த நிலைப்பாடு

பட்டினப்பாக்கம் கடற்கரையில் காலைப் பயிற்சி முடிந்ததும் கூம்புகளை அடுக்கி, பந்துகளை வலைப்பையில் போட்டுக் கட்டிவிட்டு, கோச் தன் பைக்கில் ஒரு பையனை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். பையனின் அம்மா விடிவதற்குள் மீன் எடுக்கக் காசிமேடு போயிருப்பார். பிள்ளை பத்திரமாக வீடு சேர்ந்ததே என்று கோச்சுக்கு நன்றி சொல்வார். பெரும்பாலான கோச்சுகள் அந்த நன்றிக்கு உரியவர்களே. ஆனால், போகும் வழியில் பிள்ளைக்கு வேண்டாத ஒன்று நேர்ந்தால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? அடுத்த டோர்னமென்ட்டுக்கு ஆட்களைத் தேர்வு செய்பவரும் அதே கோச்தான்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் சிறாருக்குக் கால்பந்து கற்றுத்தரும் குழுக்களும் பெற்றோரும் இணைந்த இக்கூட்டமைப்பின் நிலைப்பாடு இதுதான்: அணியைத் தேர்வு செய்யும் அதிகாரமும் புகாரைக் கேட்கும் பொறுப்பும் ஒருவர் கையில் இருக்கக் கூடாது. மற்ற விதிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

2021 மே மாதம் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் கைதானார். காயத்துக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்லி அத்துமீறினார் என்பது புகார். முதல் புகார் பதிவானபின், அவரிடம் பல ஆண்டுகளுக்கு முன் பயின்றவர்களும் முன்வந்தார்கள். அத்தனை காலம் அவர்கள் வாய் திறக்காததற்குப் பயிற்சியாளர் கையில் இருக்கும் அதிகாரமே முதல் காரணம் என்று இக்கூட்டமைப்பு கருதுகிறது. மறு ஆண்டே கால்பந்திலும் இதுபோன்ற புகார் எழுந்தது. உலகக் கோப்பைக்குத் தயாராக ஐரோப்பா சென்றிருந்த இந்தியாவின் 17 வயதுக்குட்பட்ட மகளிர் அணியின் உதவிப் பயிற்சியாளர், பாலியல் அத்துமீறல் புகாரில் 2022 ஜூலையில் நீக்கப்பட்டார்.

பணமும் அமைப்பும் குறைவில்லாத இங்கிலாந்தும் சிறாரைக் காப்பதில் தவறியது. 2016 நவம்பரில் முன்னாள் வீரர் ஆண்டி உட்வர்ட், சிறுவனாக இருந்தபோது தனக்கு நேர்ந்த கொடுமையைப் பெயர் சொல்லி வெளியிட்டார். அதன்பின் நூற்றுக்கணக்கானோர் பேசினார்கள். அவருடைய பயிற்சியாளராக இருந்த பேரி பென்னலுக்கு 2018இல் 31 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 1995 முதல் 2000 வரை சிறாரைக் காக்க வேண்டியதைச் செய்யாமல் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் காலம் கடத்தியதை, 2021இல் வெளிவந்த ஷெல்டன் விசாரணை அறிக்கை நிறுவன ரீதியான தோல்வி என்றே குறிப்பிட்டது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் விளையாட்டு அகாடமிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன: குழந்தைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரையும் காவல்துறை வழியாக அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், ஒப்பந்த ஊழியருக்கும் விலக்கு இல்லை. அகாடமி என்று பெயர்ப்பலகை இல்லாத நம் குழுக்களும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானத்துக்கு வரும் தன்னார்வலரையும் வேன் ஓட்டுநரையும் இந்தச் சரிபார்ப்பில் சேர்க்க வேண்டும்.

போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதும் குற்றம். நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆகவே “முதலில் நாமே விசாரிப்போம், குழுவுக்குக் கெட்ட பேர் வரும்” என்ற பேச்சுக்கு இடமே கிடையாது. உறுப்புக் குழு ஒவ்வொன்றும், பயிற்சியிலும் தேர்விலும் பங்கில்லாத இருவரைப் புகார் கேட்பதற்கென்று நியமிக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அவர்களின் வேலை விசாரணை நடத்துவதல்ல. குழந்தை சொல்வதைக் கேட்டு, அன்றே காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ தெரிவிப்பதே அவர்கள் பொறுப்பு.

பைக் பயணம், வெளியூர்ப் போட்டியில் அறை, தசைப்பிடிப்புக்குத் தைலம் தேய்ப்பது, இரவில் தனியாக வரும் வாட்ஸ்அப் செய்தி: பெரியவர் ஒருவரும் குழந்தை ஒருவரும் தனித்திருக்கும் இந்த நான்கையும் இக்கூட்டமைப்பு ஏற்காது. பைக் நின்றால் சில பிள்ளைகளின் பயிற்சியே நின்றுபோகும் என்பதும் தெரியும். ஒரே தெருப் பிள்ளைகளைச் சேர்த்து, முறைவைத்து ஒரு பெற்றோர் அழைத்துப் போவதற்குக் குழுக்களே ஏற்பாடு செய்ய வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண் பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து நிறுத்துவதை இக்கூட்டமைப்பு உறுதியாக எதிர்க்கிறது. தவறு செய்தவர் மைதானத்தில் இருக்க, பெண் பிள்ளை வீட்டில் உட்கார்வது எந்த வகையில் நியாயம்?

சென்னை மாநகராட்சிக்கும் ஒரு கோரிக்கை. 2024இல் 9 செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கும் தீர்மானம் வந்தபோது நகரமே எதிர்த்தது. தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. அப்படிக் காப்பாற்றிய இலவச மைதானங்களில்தான் ஏழைப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அங்கே பயிற்சி தருபவர்களின் பட்டியலை மாநகராட்சி பராமரிக்க வேண்டும். சம்பளம் வாங்காமல் கற்றுத்தரும் கோச்சுகளின் சரிபார்ப்புக் கட்டணத்தை மாநகராட்சியே ஏற்க வேண்டும். 1098 என்ற எண்ணை ஒவ்வொரு மைதானத்தின் நுழைவாயிலிலும் சிறுவர் கண்மட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். நம் பங்குக்கு, புகார் கேட்க ஆள் நியமிக்காத குழுக்களை, இக்கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளில் இனிச் சேர்க்கப்போவதில்லை.