பிச்சாவரத்துக்கு எந்தத் தலை?

கேமராவுக்கும் லென்சுக்கும் இலட்சம் செலவிடத் தயங்காதவர்கள்கூட முக்காலியின் தலையை மட்டும் கடைக்காரரின் விருப்பத்துக்கே விட்டுவிடுகின்றனர். 'எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்' என்ற விற்பனை வாக்கை நாம் ஏற்பதற்கில்லை. பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்துடன் யோசனை கேட்டு வரும் நம் மாணாக்கரிடம் நாம் முதலில் கேட்பது, எங்கே நின்று எதை எடுக்கப் போகிறீர்கள் என்பதைத்தான்.

கடலூர் வெள்ளிக் கடற்கரையில் வைகறையைப் படமெடுப்பவருக்கு முதல் தொல்லை அடிவானம் சாய்வது. பந்துத் தலையில் ஒரு திருகைத் தளர்த்தினால் எல்லாத் திசைகளும் ஒருசேர நெகிழும். ஒன்றைத் திருத்தப்போய் மற்றொன்று கெடும். மூன்று கைப்பிடிகள் கொண்ட தலையில் ஒவ்வொரு திசையையும் தனித்தனியே சரிசெய்யலாம். சுமக்கக் கனம், பையில் இடிக்கும். ஆயினும் நிலக்காட்சிக்கு நம் வாக்கு அதற்கே. சிதம்பரம் கோபுரங்களைக் கோடு பிசகாமல் எடுக்க விரும்புவோர்க்கும் அதுவே உகந்தது.

பறவைகளின் கதை வேறு. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரக் கரையில் நின்று, பறக்கும் கொக்கை 500 மி.மீ. லென்சால் தொடர வேண்டும் என்று கொள்வோம். பந்துத் தலையில் லென்சின் முழுக் கனமும் பந்துக்கு மேலே நிற்கிறது. திருகு சற்றே தளர்ந்தால் பக்கவாட்டில் கவிழும். ஜிம்பல் தலையோ ஊஞ்சல் போன்றது. லென்சை முன்னும் பின்னும் நகர்த்தி, அதன் எடைமையம் அச்சில் அமையுமாறு பொருத்திவிட்டால், விரல் நுனியால் திருப்பலாம். விட்ட இடத்தில் நிற்கும். கை சோராமல் ஒரு மணிநேரம் காத்திருக்க முடிகிறது. காத்திருக்க இயலாதவர்தாம் பறவையை நெருங்கிச் சென்று கலைக்கிறார்.

பிச்சாவரத்தில் சுரபுன்னையும் தில்லையும் கவிந்த கால்வாய்களுக்குள் செல்லும் துடுப்புப் படகில் இவை எதுவும் உதவா. துடுப்பின் ஒவ்வோர் அசைவும் முக்காலியின் மூன்று கால்கள் வழியே ஏறிக் கேமராவை அடையும். அங்கே உளுந்தோ அரிசியோ நிரப்பிய துணிப்பையை மடிமீது வைத்து, அதன்மேல் லென்சைக் கிடத்துவதே மேல். படகோட்டியை 'இன்னும் கிட்டே போங்கள்' என்று நச்சரிக்காதிருப்பது அதனினும் மேல். அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவைச் 'சூப்பர் பாண்டரோசா' என்றழைத்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைகளை இன்றைய விலையுயர்ந்த கருவிகள் எளிதில் விஞ்சிவிடவில்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்போர் தரமான பந்துத் தலையை வாங்கட்டும். ஜிம்பல் பின்னர் வரட்டும். பெட்டியில் அச்சிட்ட எடைத்தாங்கு அளவை அப்படியே நம்ப வேண்டா. நம் கருவியின் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்குவதைத் தேர்வது நலம். ஆர்க்கா-ஸ்விஸ் வகைத் தகடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். பின்னாளில் தலையை மாற்றினாலும் தகட்டை மாற்ற வேண்டியிராது. கடைக்கு நம் கனமான லென்சையே எடுத்துச் சென்று, திருகை இறுக்கிக் கையை எடுத்தபின் காட்சி கீழே சரிகிறதா என்று நோக்குக. சரிந்தால் விலை எத்துணை குறைவாயினும் திருப்பிக் கொடுத்துவிடலாம். உப்புக்காற்றில் பயன்படுத்திய அன்றே நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்தாவிட்டால் நல்ல தலையும் சில மாதங்களில் கரகரக்கும்.