பூட்டு வந்தது, பூட்டியவர் யார்?

மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரெயில் டிக்கெட் எடுக்க வேண்டும். பி.எப். பணம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளிமாநிலத்தில் பிழைக்கும் தமிழருக்கு இவை அத்தனையும் இன்று கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கின்றன. செல்போனில் விரலை வைத்தால் காரியம் முடிகிறது.

அந்தக் கோரிக்கை நேராகப் பணப்பெட்டிக்குப் போவதில்லை. பல இடங்களில் நடுவே ஒரு குமாஸ்தா இருக்கிறார். அவர் மனிதர் அல்ல, மென்பொருள். அவரை ஏமாற்றும் வழிகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படுகின்றன. அடைக்கும் வழியும் கூடவே வருகிறது. ஆனால் அடைக்க வேண்டிய நிர்வாகங்கள் பல தூங்குகின்றன. அதுதான் கவலைக்குரியது.

வாசலில் ஒரு குமாஸ்தா

பெரிய அலுவலகங்களில் தபால் பிரிவு உண்டு. வெளியாள் யாரும் உள்ளே போக முடியாது. ஜன்னலில் கடிதத்தைக் கொடுத்தால் தபால் குமாஸ்தா வாங்கி, உரிய பிரிவுக்கு அனுப்புவார். பதிலையும் அவரே வாங்கிக் கொடுப்பார். இன்டர்நெட் சர்வரில் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு 'பிராக்ஸி' என்று பெயர். உள்ளே எத்தனை கம்ப்யூட்டர்கள் இருந்தாலும் வெளியே தெரிவது இந்த வாசல் ஒன்றுதான்.

உலகில் அதிகம் புழங்கும் சர்வர் மென்பொருள்களில் ஒன்று 'அப்பாச்சி'. 1995-ம் ஆண்டு முதல் வழக்கத்தில் உள்ளது. காசு கொடுக்காமல் யாரும் எடுத்து உபயோகிக்கலாம். பிராக்ஸி வேலைக்கென்றே அதில் தனியாக ஒரு மாட்யூல் இருக்கிறது.

தபால் குமாஸ்தா கொண்டு வரும் காகிதத்தை உள்ளே இருப்பவர்கள் சந்தேகிப்பதில்லை. ஆகவே விலாசத்தைத் தந்திரமாக எழுதி, போகக் கூடாத அறைக்கு அவரைப் போக வைத்துவிட்டால், திருடன் உள்ளே காலடி வைக்காமலே காரியத்தை முடித்துக் கொள்ளலாம்.

ஒரு கோடு விட்டதால்

2011-ம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். யாருடைய கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று நிர்வாகி பிராக்ஸிக்கு விதி எழுதி வைப்பார். உள்ளே உள்ள கம்ப்யூட்டரின் பெயரை எழுதி, அதன் பின்னால் ஒரு சாய்ந்த கோடு போட வேண்டும். சிலர் அந்தக் கோட்டைப் போடாமல் விட்டுவிட்டார்கள்.

இன்டர்நெட் விலாசத்தில் 'அட்' என்று ஒரு குறி உண்டு. அதற்கு முன்னால் இருப்பது ஆளின் பெயர். பின்னால் இருப்பது கம்ப்யூட்டரின் பெயர். வெளியாள் தன் கோரிக்கையை அந்தக் குறியோடு தொடங்கி, உள்ளே உள்ள வேறொரு கம்ப்யூட்டரின் பெயரை எழுதினால் போதும். நடுவே கோடு இல்லாததால் இரண்டும் ஒட்டிக் கொள்ளும். நிர்வாகி எழுதிய பெயர் வெறும் ஆள்பெயராகிவிடும். குமாஸ்தா, திருடன் சொன்ன அறைக்குப் போய்விடுவார்.

அக்டோபரில் இதற்குத் திருத்தம் வெளியானது. நவம்பரிலேயே அது போதாது என்று தெரிந்தது. 2012 ஜனவரி இறுதியில் வந்த 2.2.22 என்ற பதிப்பில் இரண்டும் சரி செய்யப்பட்டன.

பத்து ஆண்டு கழித்து மீண்டும் அதே கதை. பிராக்ஸியை வெளியாள் தான் விரும்பும் இடத்துக்கு அனுப்பிவிடக் கூடிய ஓட்டை ஒன்றை, 2021 செப்டம்பர் 16-ந் தேதி வந்த 2.4.49 பதிப்பு அடைத்தது. ஆனால் அந்தப் பதிப்பிலேயே வேறொரு இடத்தில் புது ஓட்டை விழுந்திருந்தது. பொதுமக்கள் பார்வைக்கு வைக்காத பைல்களையும் சில சர்வர்களில் அதன் வழியே படிக்க முடிந்தது. அக்டோபர் 4-ந் தேதி 2.4.50 பதிப்பு வந்தது. அதுவும் போதவில்லை. 7-ந் தேதி 2.4.51 வந்தது. மூன்றே வாரத்தில் மூன்று பதிப்புகள்!

இதில் அப்பாச்சிக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தவறை மூடி மறைக்காமல் ஊரறியச் சொன்னார்கள். மருந்தையும் கூடவே கொடுத்தார்கள். ஆனால் மருந்து தானாக வாய்க்குள் போகாது. அந்த பிராக்ஸி ஓட்டைக்குத் திருத்தம் வந்து இரண்டரை மாதம் ஆன பிறகு, 2021 டிசம்பர் 1-ந் தேதி, திருடர்கள் உண்மையிலேயே உபயோகிக்கும் ஓட்டைகளின் பட்டியலில் அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு அதைச் சேர்த்தது. பூட்டு கைக்கு வந்த பிறகும் திறந்தே கிடந்த வாசல்கள் இருந்தன என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

பழி யார் தலையில்?

பூட்டாமல் விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஈக்விபேக்ஸ் நிறுவனம் பாடம் சொல்கிறது. மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனம் அது. அங்கே ஓட்டை இருந்தது பிராக்ஸியில் அல்ல. அப்பாச்சி அமைப்பின் 'ஸ்ட்ரட்ஸ்' என்ற வேறொரு மென்பொருளில். 2017 மார்ச் தொடக்கத்தில் திருத்தம் வெளியானது. 48 மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும் என்று அலுவலகத்துக்குள் உத்தரவும் போனது. அடைக்கவில்லை. மே மாதம் திருடர்கள் புகுந்தார்கள். சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின.

பிறகு அமெரிக்க காங்கிரஸ் குழு விசாரித்தபோது, பதவி விலகியிருந்த தலைமை அதிகாரி என்ன சொன்னார்? உரியவருக்குத் தகவல் போய்ச் சேரும்படி ஒரு தனி ஊழியர் பார்த்துக் கொள்ளவில்லை என்றார்.

சிப்பந்திகளுக்கு இது பழகிப்போன பாட்டு. ஒருவர் மறந்தால் கோடிக்கணக்கான மக்கள் பாதிக்கப்படும்படி ஏற்பாட்டை வைத்திருந்தது யார்? அவர் மறந்தாரா என்று பார்க்க இன்னொருவரை நியமிக்காதது யார்? அதை யாரும் அந்த ஊழியர் தலையில் கட்ட முடியாது. இங்கும் 'சர்வர் கோளாறு' என்றால் வசவு வாங்குபவர் கவுண்ட்டரில் இருப்பவர்தான். பணத்தை இழந்து நிற்பவர் எதிரே வரிசையில் நிற்பவர்தான்.

ஓடுகிற எஞ்சினில் கை வைப்பதா?

'நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும்? தொட்டால் நின்றுவிடும்' என்று அதிகாரிகள் சிலர் சொல்வார்கள். அந்தப் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2.4.49-ல் புது ஓட்டை விழுந்ததை மேலே பார்த்தோம்.

ஆனால் தண்டவாளத்தில் விரிசல் கண்டால் ரெயில்வே என்ன செய்கிறது? வண்டிகள் ஓடுகின்றனவே என்று விட்டுவிடுவதில்லை. வேகத்தைக் குறைக்கக் 'காஷன் ஆர்டர்' கொடுக்கிறது. அவசியமானால் வண்டியை நிறுத்துகிறது. பிறகு 'பிளாக்' எடுத்து, குறித்த நேரத்தில் பழுது பார்க்கிறது. சர்வருக்கும் அதே முறை பொருந்தும். திருத்தத்தை முதலில் தனிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம். கூட்டம் இல்லாத நள்ளிரவில் மாற்றலாம். சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திருப்ப ஏற்பாடு வைத்துக் கொள்ளலாம். அதுவரை, தேவைப்படாத பிராக்ஸி மாட்யூலை நிறுத்தி வைக்கலாம். தேவைப்பட்டால், அது எந்தெந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் போகலாம் என்று எல்லை கட்டலாம்.

கம்ப்யூட்டரில் அத்துமீறல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28-ந் தேதி உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. திருட்டைச் சொல்வதற்குக் கெடு இருப்பது போல, வாசலை அடைப்பதற்கும் ஒவ்வொரு நிர்வாகமும் தனக்குத் தானே கெடு விதித்துக் கொள்ள வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு ரிஜிஸ்தர் போதும். எந்த சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, திருத்தம் வெளியான தேதி என்ன, அதைப் போட்ட தேதி என்ன, போட்டவர் யார், சரிபார்த்தவர் யார் என்று அதில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை மேலதிகாரி அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பொறுப்பாளர் லீவில் போனால் அடுத்தவர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு தேதிகளுக்கும் நடுவே உள்ள நாட்கள் எல்லாம் வாசல் திறந்து கிடந்த நாட்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போடும் மேலதிகாரியே தவிர, கவுண்ட்டரில் இருக்கும் குமாஸ்தா அல்ல. ஊருக்கு அனுப்ப நூறும் ஐந்நூறுமாகச் சேர்த்து வைக்கும் தொழிலாளிக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. சங்கக் கூட்டங்களில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும்.